கரண்டு போன நேரம்

குமாரபாளையத்து விசைத்தறிக் கொட்டகையில் கரண்டு போகிறது. தறிகள் ஓய்ந்ததும் கந்தவேலின் இயர்போனில் டாக்டரின் குரல் துலக்கமாகக் கேட்கிறது: “மார்புல கட்டி வலிக்கலைன்னாலும் உடனே காட்டணும்.” தறிச் சத்தத்தில் பேச முடியாது, பாட்காஸ்டில் கேட்டதையெல்லாம் இப்படிக் கரண்டு போகும்போதுதான் மனைவி சௌந்தர்யாவுக்குச் சொல்வான். தகரக் கூரையின் ஓட்டை வெளிச்சத்தில் பஞ்சுத்தூசி மிதக்கிறது. எதிர்த்தறியில் சௌந்தர்யா முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள். “ஏனுங்க, நேத்துக் கதையப் பாதியில உட்டீங்களே, அந்த ராசா செத்தானா பொழச்சானா?” ஆடி மாதத்தில் அவள் தன் மார்பில் இருக்கும் கட்டியைப் பற்றிச் சொன்னபோது, “வலிக்கலைன்னா உட்டுரு” என்றவன் அவன்தான். இயர்போனைக் கழற்றுகிறான். “அந்தக் கட்டி இப்ப எப்படி இருக்குது?” “அதையா நெனச்சுட்டு இருக்கறீங்க? துளிகூட வலி இல்லீங்க.” அவனைத் தேற்றிவிட்டதாக நினைத்துச் சிரிக்கிறாள். கரண்டு வருகிறது. அவள் தறி ஓடத் தொடங்குகிறது, அவன் தன்னுடையதை ஓட்டாமல் நிற்கிறான்.