புதன்கிழமைத் தடங்கல்

"சார், எனக்குச் செய்தி வாசிக்கிற வேலை குடுங்க" என்றேன். அதை மட்டும் கேட்காதே என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள்.

நிலைய அதிகாரி பூவராகவன் சிரித்தார். "பி.ஏ. படிச்சும் வாயைத் தெறந்தா பழவேற்காட்டுக் குப்பம்தானேம்மா வருது? இன்னா, அப்பாலன்னு. நீ அட்டையை வை, போதும்."

1977. கும்மிடிப்பூண்டியில் எங்கள் தொலைக்காட்சி நிலையத்துக்கு அப்போது ஒரு வயது. ஒளிபரப்பு நின்றால் கேமராவுக்கு முன்னால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையை வைப்பது என் வேலை. புதன்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்குச் சரியாக நாலு நிமிடம் நிற்கும். காரணம் யாருக்கும் தெரியாது.

நேயர் கடிதங்களை மேஜையில் போட்டேன். "அப்ப இதெல்லாம் இன்னா சார்?"

மீஞ்சூர், புதுவாயல் என்று முப்பது பேர் எழுதியிருந்தார்கள். புதன்கிழமை ஏழு மணிக்குச் செய்தி வாசிக்கும் எல்லம்மா நம்ம பேச்சு பேசுகிறாளாம். எல்லம்மா நான்தான். செய்தி வாசிக்கும் நாற்காலியில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. கடைசிக் கடிதம் திங்கட்கிழமை வந்தது: 'போன வாரம் மஞ்சப் பொடவையில வந்து, பாதியில எழுந்து போயிட்டியே, ஏம்மா?'

மஞ்சள் புடவையை இன்று, இந்தப் புதன்கிழமைதான், முதன்முதலாகக் கட்டியிருந்தேன்.

"உங்க ஆளுங்களை விட்டு எழுத வெச்சியா?" என்றார்.

காலையிலேயே எழுதி வைத்திருந்த ராஜினாமாவைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "இன்னிக்கு அட்டையை நீங்களே வெச்சிக்கோங்க சார்."

மணி ஏழு. நிலைய வாசலில் இருந்த டி.வி. பெட்டியில் அட்டை வரவில்லை. காலி நாற்காலி தெரிந்தது. திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் முந்தானை விலகிப் போய்க்கொண்டிருந்தது.

நான் நிற்காமல் படியிறங்கினேன்.