பதினைந்து கிலோ மயில்துத்தம்

"மகாலட்சுமி, எந்திரி. விடை என்ன?"

மூன்றாவது பெஞ்சிலிருந்து மகாலட்சுமி எழுந்தாள். வேதியியல் கணக்கு என்றாலே அவளுக்கு ஆகாது. விடையை மட்டும் நெட்டுருப் போட்டுத் தப்பித்து வந்தவள், இன்று வசமாக மாட்டிக்கொண்டாள்.

கரும்பலகையில் கணக்கு இருந்தது. பூஞ்சைக்கு அடிக்கும் சுண்ணாம்புக் கலவைக்கு, நூற்றைம்பது லிட்டர் தண்ணீரில் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், ஒரு சதவீதம் இருக்க வேண்டும். துத்தம் எத்தனை கிலோ?

"பதினஞ்சு" என்றாள், பாதிக் குரலில்.

ஓவியா டீச்சர் திட்டவில்லை. கூந்தலில் ஆசிரியர் தின ரோஜா ஆட, நழுவிய சேலைக் கொசுவத்தை மறுபடியும் அள்ளிச் செருகிக்கொண்டாள்.

"உனக்கு எந்த ஊரு?"

"காமயகவுண்டன்பட்டி."

"அங்கன திராட்சைக் கொடிக்கு இம்புட்டுத் துத்தத்தக் கரைச்சு அடிச்சா என்னாகும்?"

"எலையெல்லாம் கருகிப் போகும்."

"அப்ப விடை தப்புன்னு யாரு சொல்றா, நானா?"

"இல்ல... கொடிதான் சொல்லுது."

வகுப்பே சிரித்தது. பக்கத்திலிருந்த ஹேமாவதி வாயைப் பொத்திக்கொண்டு, "ஒன்னரை, ஒன்னரை" என்றாள்.

"ஹேமா, ஓதிவிட்டா வெளிய நிப்பாட்டிருவேன்! அவளே போடட்டும். என்ன குடுத்திருக்காக, என்ன கேக்குறாக, மொதல்ல அத எழுது."

மகாலட்சுமி இன்னொரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனாள். இன்று வராவிட்டால் இனி என்றைக்குமே கணக்கு வராது என்று தோன்றியது. யாரும் அவசரப்படுத்தவில்லை. தெரியாத இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் உயிர் ஒன்றும் போய்விடாது என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது.

ஒரு சதவீதம் என்றால் நூறு லிட்டருக்கு ஒரு கிலோ. மிச்சம் ஐம்பதுக்கு...

"ஒன்னரைக் கிலோ!" கத்தியே விட்டாள்.

"இப்ப கொடி என்ன சொல்லுது?"

"தளதளன்னு நிக்குது டீச்சர்!"

கைதட்டலோடு மணியும் அடித்தது. ஓவியா டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டு, திடீரென்று வெட்கம் வந்தவளாய் வாசலுக்கு நழுவினாள். ஆசிரியர் தினத்துக்காக இன்று ஒருநாள் டீச்சராக வந்த மாணவி அவள்; மாணவியாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை மகாலட்சுமி அவள் கையை எட்டிப் பிடித்தாள்.

"நாளைக்கு யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு ஹெச்.எம். ரூமுக்கு வா தாயி, எனக்கு அடுத்த கணக்கச் சொல்லிக் குடு!"