பாதி விலை

ராபர்ட்சன்பேட்டையில் பழைய சாமான் கடை ஒன்றில் இருந்த தையல் மெஷின், பேத்தி ஷெரினுக்குப் பிடித்துவிட்டது.

"ஆசையை மொகத்துல காட்டாதம்மா, விலை ஏறிடும்," என்று அவள் காதில் சொன்னார் மாணிக்கராஜ். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, "பழசுக்கு இன்னாங்க இவ்ளோ விலை? பாதிக்குக் குடுங்க," என்றார்.

"இது ஒரு அம்மாவோடது சார். உள்ளதான் இருக்காங்க, கேட்டுட்டு வர்றேன்."

போய்விட்டு வந்த கடைக்காரர், "பாதி ரொம்பக் கம்மியாம். இத வெச்சுத்தான் பொழச்சிருக்காங்க," என்றார்.

"அப்ப வேணாம். வாம்மா, போலாம்."

வாசலை நோக்கி நடந்தபடியே, "அவசரத்துக்கு விக்கிறவங்க எறங்கி வருவாங்க, பாரு," என்று பேத்தியிடம் முணுமுணுத்தார்.

"சார், எடுத்துக்கச் சொல்லிட்டாங்க!"

ஷெரின் கைதட்டினாள்.

மெஷினோடு சேர்ந்த எண்ணெய்க் குப்பியைக் கொடுக்க அந்த அம்மாவே உள்ளேயிருந்து வந்தாள். வீட்டுப் பங்குச் சண்டையில் பல வருஷமாய் மாணிக்கராஜ் முகம் பார்க்காத தங்கை, ரெஜினா.

"நீயாண்ணா?" என்றாள். "உன் பேத்திக்குன்னு தெரிஞ்சிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே."

அவர் அவசரமாக முழு விலையையும் நீட்டினார். ரெஜினா பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஷெரினின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.