பிரிவுபசார கேக்

கேக்கின் மேல் வெள்ளை க்ரீமில் ‘போய் வா, லோரெட்டா!’ என்று எழுதியிருந்தது. ஃப்ரீமாண்ட் கிடங்கின் மேல்மாடியில் இருபது பேர் கைதட்டினார்கள்.

அவள் ஓய்வு பெறவில்லை. அங்கே வேலை பார்த்தவளும் இல்லை. அந்தக் கிடங்கை வைத்திருக்கும் விட்மர் லாரி கம்பெனிக்கு, பெல்வுட் என்ற பழைய கம்பெனியின் சாஃப்ட்வேரைப் பதினாறு வருஷமாக விற்றுவரும் பாவப்பட்ட ஜென்மம்.

“மனசு விட்டுடாதீங்க. ஷிஃப்ட் போடுறது, லீவு குடுக்கறது எல்லாத்துக்கும் இப்ப சொந்தமா சாஃப்ட்வேர் வந்தாச்சு” என்றபடி முதலாளி டேரன் விட்மர் கேக்கை வெட்டினார். “ஏஐ பண்ணிக் குடுத்திச்சு. ரெண்டே நாள்!”

“நீங்களே கூட உக்காந்து பண்ணீங்களா?”

“எனக்கென்ன தெரியும்? கம்பெனி கார்டு நம்பரைக் குடுத்தேன். ‘திங்கட்கிழமை காலைல ஓடணும், எப்படியோ பண்ணிக்கோ’ன்னேன். ஜம்முனு ஓடுது! உங்களோடதைவிட அழகு.”

ஏஐ வந்து எல்லாரையும் விழுங்கப்போகிறது என்ற பேச்சிலேயே பெல்வுட் பங்கு பாதி விலைக்கு வந்துவிட்டது. அவளுடைய சேமிப்பு மொத்தமும் அந்தப் பங்கில்தான். விட்மர் விலகிய செய்தி வெளியே போனால் வேலையும் போச்சு, சேமிப்பும் போச்சு.

அன்றைக்குக் காலாண்டின் கடைசி நாள் வேறு. அந்த நாளில் சாஃப்ட்வேர் விற்கிறவர்கள் எந்த விலைக்கும் இறங்குவார்கள் என்று காத்திருந்து வாங்குவதுதான் அந்த ஊர் வழக்கம். போட்ட விலையை அப்படியே கொடுத்த ஏமாளி இதுவரை பிறக்கவில்லை.

வெட்கத்தை விட்டு ஆரம்பித்தாள். “நாப்பது சதவீதம் தள்ளுபடி.”

“கேக்கைச் சாப்பிடுங்க.”

“எழுபது! இதுக்கு மேல இறங்கினா என் வீட்டைத்தான் எழுதிக் குடுக்கணும்.”

“சும்மா குடுத்தாலும் வேணாம், லோரெட்டா. இனி உங்க கம்பெனிக்கு ஒத்த டாலர் கிடையாது.”

அப்போதா போன் அடிக்க வேண்டும்? அவளுடைய மேனேஜர் பீட். வேலையைவிட்டு எடுக்கத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள்.

“நான் இல்ல பீட், சத்தியமா நான் விக்கல… ஆமா, அதே ஃப்ரீமாண்ட் அட்ரஸ்தான்… எவ்வளவு? திரும்பச் சொல்லு!”

போனை வைத்தவள், இருந்ததிலேயே பெரிய துண்டாகப் பார்த்துத் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

டேரன் சிரித்தார். “என்ன, துக்கச் செய்தியா?”

“உங்க ஏஐக்குப் பேரம் பேசச் சொல்லிக் குடுக்கலையா, டேரன்?”

“யார்கிட்ட பேரம்?”

“எங்ககிட்டதான்! சனிக்கிழமை எங்க சாஃப்ட்வேரையே அஞ்சு வருஷத்துக்கு முழு விலை குடுத்து வாங்கி, மேல உங்க பேரை ஒட்டி வச்சிருக்கு!”