பேசி முடித்த தீர்ப்பு

“தக்காளிக்கு மடை மாத்திப்போட்டு வந்தர்றேன், காப்பியை மூடி வெய்யி” என்று சொல்லிவிட்டுத்தான் சின்னையன் தோட்டத்துக்குப் போனார். பக்கத்துக் குவாரியில் வெடி வைத்தபோது தெறித்த கல் அவர் தலையில் விழுந்தது.

கல்லெல்லாம் விழவில்லை, வரப்பில் வழுக்கி விழுந்துதான் செத்தார் என்று கோர்ட்டில் சாதித்தார் குவாரி முதலாளி பூபதிராஜா. குவாரியை மூடச் சொல்லி வழக்குப் போட்ட சின்னையன் மனைவி மருதாத்தாள், கூண்டில் ஏறித் தன் கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்லியிருந்தாள். இன்றைக்குத் தீர்ப்பு.

எருத்தேன்பதியிலிருந்து, கட்சிக்கொடி கட்டிய பைக்கில் மகன் சிவப்பிரகாஷ்தான் கூட்டி வந்தான். வந்து இறங்கியதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெஞ்சில் உட்காருவாள், எழுந்து வாசல்வரை போவாள், திரும்பி வருவாள். பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி இருக்கிறீர்களே என்று அவளுடைய வக்கீல் பிரதீபா கேலி செய்தது காதில் ஏறவே இல்லை.

காலையில் இட்லி எடுத்து வைக்கும்போது கேட்ட சேதிதான் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. மேலிடத்திலிருந்து ஜட்ஜிடம் பேசிவிட்டார்களாம். தீர்ப்பு இன்னதுதான் என்று முடிவாகிவிட்டதாம்.

அப்படியானால் கூண்டில் நின்று அவள் சொன்னதை யார் காதில் வாங்கினார்கள்? அவர் எப்படிச் செத்தார் என்பதுகூட யாரோ போனில் பேசி முடிக்கிற சங்கதியா?

வழக்கைக் கூப்பிட்டார்கள். ஜட்ஜ் காகிதத்தைப் பிரிக்குமுன்பே மருதாத்தாள் எழுந்துவிட்டாள். சிவப்பிரகாஷ் பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்தான். “அம்மா, பேசாம உக்காருங்க.”

அவள் உட்காரவில்லை.

“ஐயா, ஒண்ணு சொல்லோணுங்க. உங்ககிட்ட மேலிடத்துல பேசி முடிச்சாச்சுன்னு சொல்றாங்க. அது நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா அந்தப் பேச்சு இருக்கறவரைக்கும் எனக்கு இந்தத் தீர்ப்பு வேண்டாங்க. வேற ஜட்ஜ் முதல்லருந்து கேக்கட்டும்.”

பூபதிராஜாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அப்படிச் சொன்ன ஆளின்மேல் இப்போதே கேஸ் எடுக்கச் சொல்லப் போவதாகச் சொன்னார். பிறகு குவாரிக்காரர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அவங்க ஆளா?” என்று கேட்டார்.

“இல்லீங்க ஐயா. என்ற மகந்தானுங்க, நாங்க செயிக்கோணும்னு பேசிப்போட்டு வந்திருக்கறான்.”