பெண் கேட்கப் போன இடத்தில் லினக்ஸ்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

பெண் கேட்டு வந்த இன்ஜினியரிடம் அவள் அப்பா தன் லினக்ஸ் கம்ப்யூட்டரைக் காட்டினார்.

“நினைச்ச நேரத்துல அப்படியே உறைஞ்சு நின்னுடுது தம்பி. எனக்கு இதுல ஆனா ஆவன்னாகூடத் தெரியாது. சரி பண்ணுங்க, அன்னிக்கே கல்யாணத் தேதி குறிச்சிடலாம்.”

அவன் மெமரியை மாற்றினான். லினக்ஸின் உட்கருவான கெர்னலை மாற்றினான். பவர் சப்ளையையும் மாற்றினான். “ஓடுது மாமா!” என்று திரும்பும்போதெல்லாம் திரை கல்லாய் நின்றது. எங்கு தேடியும் ஒரு பிழை சிக்கவில்லை.

மூன்றாம் மாதம், “இதுக்கே இந்த முழி முழிக்கிறீங்க, என் பொண்ணை எப்படித் தம்பி காப்பாத்துவீங்க?” என்றார். அவள் கண்ணெதிரே அவன் தலைகுனிந்து வெளியேறினான்.

கதவைச் சாத்திவிட்டு அவர் செல்போனில் ஒரு வரி கட்டளை தட்டினார். உறைந்திருந்த திரை அசைந்தது.

முப்பது வருடம் லினக்ஸ் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியர் அவர். இது அவர் விரட்டிய ஐந்தாவது மாப்பிள்ளை.