மிச்சம் பிடிக்கும் வித்தை

"கரண்ட் பில் மட்டும் ஏறட்டும், இந்த ஏசியைக் கழற்றி வித்துட்டுத்தான் மறுவேலை!"

ஏசி மாட்டிய அன்றைக்கே கணவன் வீடு அதிரக் கத்திச் சொல்லிவிட்டான்.

இவள் குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அழுது அழுது குரலே கம்மிப்போன பிறகுதான் தவணையில் அந்த ஏசி வந்தது. இப்போதுதான் குழந்தை அசந்து தூங்குகிறது. அதிலும் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தால் போச்சு, இவள் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள்.

ஏசி போய்விட்டால்?

அன்று முதல் வீட்டில் மின்சாரத்துக்கு ஊரடங்கு.

அயர்ன் பாக்ஸ் வாரத்துக்கு ஒரு நாள்தான். ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது. யோசித்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். குளியலறையில் கணவன் பாட ஆரம்பித்தால் வெளியிலிருந்தே விளக்கை அணைத்துவிடுவாள்.

"ஏய், கண்ணுல சோப்புடி!"

"கண்ணை மூடிக்கிட்டுத்தானே நிக்கிறீங்க? விளக்கு எதுக்கு?"

பில் வந்தது. ஏறவில்லை. முன்னைவிடக் குறைந்தே இருந்தது.

கணவன் மேலும் கீழும் பார்த்தான். "ஏசி ஓடியுமா? கெட்டிக்காரிதான்டி நீ!"

இவளுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வித்தையை யாருக்காவது சொல்லிக் கொடுத்தால்தான் தூக்கம் வரும் போலிருந்தது.

ஆள் பக்கத்திலேயே இருந்தது. முன்பு ஒரே வீடாக இருந்ததைக் குறுக்கே ஒரு சுவர் எழுப்பி இரண்டு போர்ஷனாக்கியிருந்தார் வீட்டுக்காரர். அந்தப் பக்கம் தையல் அக்கா. தனி ஆள். அவருடைய பில்லைக் கொடுக்கும்போதுதான் மீட்டர் பார்க்க வந்தவர், "என்னம்மா, ஃபேக்டரி ஏதாவது நடத்துறீங்களா?" என்று வாய்விட்டே கேட்டிருந்தார்.

இவள் போனபோது அக்கா விளக்குப் போடாமல், வாசல் வெளிச்சத்தில் பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். ஃபேன் ஓடவில்லை. நெற்றியில் வியர்வை.

"மெஷின்ல மோட்டார் இருந்துச்சே, எங்கேக்கா?"

"கழற்றி வச்சுட்டேன்மா. கால்ல மிதிச்சா முழங்காலுக்கு நல்லதாம்."

தைத்து முடித்த சட்டையை மடித்து, ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே வைத்தார். அதில் ஏற்கெனவே நாலு தட்டு நிறையச் சட்டைகள்.

"என்னக்கா இது!"

"பிளக்கைப் பிடுங்கிட்டேன். நல்ல அலமாரி. பூச்சி வராது."

இவள் மூச்சுவிடாமல் தன் வித்தைகளை எடுத்துவிட்டாள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "அப்படியா? உனக்குத்தான் எவ்வளவு விவரம்!"

வீடு திரும்பியதும் இவளுக்கு உறுத்தியது. விளக்கு இல்லை, ஃபேன் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை. அப்புறம் பில் எப்படி எகிறும்?

"எல்லாம் பகல் வேஷம்," என்றாள் கணவனிடம். "நாம பார்க்கும்போது மிதிக்கிறாங்க. பார்க்காதபோது உள்ளே என்னமோ ஓடுது."

"ஐஸ் ஃபேக்டரியா இருக்கும்," என்று சிரித்தான் அவன்.

மறுநாள் மத்தியானம் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கையோடு கூட்டிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் நின்றாள்.

"லைன்ல லீக்கேஜ் இருந்தாலும் பில் ஏறுமாம்க்கா. இவர் பார்த்துச் சொல்லிடுவார்."

அக்காவின் முகம் மாறியது. "அதெல்லாம் வேண்டாம் கண்ணு."

"பணம் நான் கொடுத்துக்கிறேன்க்கா."

"அதுக்கில்லம்மா..." மெயின் பெட்டியை மறைத்தாற்போல் வந்து நின்றார். "பாப்பா என்ன பண்ணுது? தூங்குதா?"

"தூங்குது."

"அப்ப இப்ப வேண்டாம். முழிச்சப்புறம் வரச் சொல்லு."

இவளுக்குச் சிரிப்பு வந்தது. மாட்டிக்கொண்டால் மனுஷிக்கு எப்படியெல்லாம் சாக்கு வருகிறது!

"ஏங்க்கா, எங்க பாப்பா தூங்குறதுக்கும் உங்க வீட்டு மெயினுக்கும் என்ன சம்பந்தம்? தம்பி, நீங்க அணைச்சுப் பாருங்க!"

"தம்பி, தொடாதே..." என்று அக்கா முடிப்பதற்குள், அவர் தோளைத் தாண்டி நீண்ட அவன் கை மெயினை இறக்கிவிட்டது.

அக்கா வீட்டில் எதுவும் நிற்கவில்லை. நிற்பதற்கு அங்கே எதுவும் ஓடவுமில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், இவள் வீட்டில், இத்தனை நேரம் உறுமிக்கொண்டிருந்த ஏசி நின்றது.

எலக்ட்ரீஷியன் சுவரைப் பார்த்தான். மெயின் பெட்டியைப் பார்த்தான். "மேடம்... வீட்டைப் பிரிச்சவங்க லைனைப் பிரிக்கல. உங்க ஏசி ரூம் முழுக்க இந்த அம்மா மீட்டர்லதான் ஓடுது."

வீல் என்று குழந்தையின் குரல் கேட்டது.

இவள் திரும்புவதற்குள் அக்கா எலக்ட்ரீஷியனைத் தள்ளிவிட்டு மெயினைத் தூக்கினார்.

"முழிச்சப்புறம் வான்னு சொன்னேனா இல்லையா? ஓடும்மா, போய்த் தட்டிக் கொடு, வேர்த்துடப் போகுது!"

இவள் வாசலைத் தாண்டும்போது அக்கா பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இதை உன் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லித் தொலைக்காதே கண்ணு. பில் ஏறினா ஏசியை வித்துடுவேன்னு அன்னைக்கு அவர் போட்ட சத்தம் இந்தச் சுவர் தாண்டிக் கேட்டுச்சு!"